அப்பாவை நடக்க வைத்தவள்

1

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலையில் இருந்தபோது, கூடப் படித்த பூங்கொடியிடமிருந்து செய்தி வந்தது. கொல்லிமலையில் அப்போது மாலை. "வசந்தி, கனடாவுல என் படிப்ப ஒத்துக்கிட்டாங்க. பரிச்சை எழுதலாமாம்" என்று எழுதியிருந்தாள்.

நான் உடனே பதில் போடவில்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே கல்லூரி. என்னுடையதை ஒத்துக்கொள்ள இந்த நாட்டுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அவளுக்கு எட்டே மாதம். எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மகிழ்ச்சி பிறகு வந்தது, அதுவும் கொஞ்சம்தான். வாழ்த்து மதியச் சாப்பாடு முடிந்துதான் போனது.

நான் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது ஆண்டுகள். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். சேலத்தில் நாலரை ஆண்டு பிசியோதெரபி படித்த நான் இங்கே ஒரு பிசியோதெரபி நிலையத்தில் உதவியாளர். ஒத்தடப் பைகளைச் சூடாக்குவது, கட்டிலைத் துடைப்பது, தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சியை நோயாளி பத்து முறை செய்கிறாரா என்று எண்ணுவது என் வேலை. ஏன் பத்து, ஏன் பதினைந்து இல்லை என்று நோயாளி கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாது. பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் நிலையத்தின் தெரபிஸ்ட் டேனியல் என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன். ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர் தோள்வலி என்று மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தார். அவர் கழுத்தைத் திருப்புகிற விதத்தைப் பார்த்தே வலி தோளில் பிறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டேனியலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சோதித்துப் பார்த்துவிட்டு, "நன்றாகக் கவனித்தீர்கள்" என்றான். கோப்பில் அவன் கையெழுத்து ஏறியது. ஓட்டுநர் குணமாகிப் போகும்போது அவனுக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தார். எனக்கும் இரண்டு கிடைத்தது, டேனியல் கொடுத்தான்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தெரபிஸ்ட் ஆக முதலில் படிப்பைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணி நேரம் படித்தோம், எத்தனை மணி நேரம் நோயாளிகளிடம் பழகினோம் என்று கல்லூரியே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும். ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வு. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியில் செய்முறைத் தேர்வு. எல்லாம் தாண்டிப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற சொல்லை நம் பெயருக்குப் பக்கத்தில் போடலாம். அதற்கு முன் போட்டால் குற்றம்.

2

நாங்கள் கல்லூரியில் சேர்ந்த வருடம் மலையிலிருந்து பிசியோதெரபி படிக்கப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வளப்பூர் நாடு, பூங்கொடி அரியூர் நாடு; மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. லீவு முடிந்து போகும்போது செம்மேட்டில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். எழுபது வளைவும் இறங்கி முடிவதற்குள் அவள் இரண்டு முறையாவது வாந்தி எடுப்பாள். பையைப் பிடித்துக்கொள்வது நான்.

படிப்பில் நான் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவள் இரண்டு பாடத்தில் அரியர் வைத்து, என் நோட்டைப் பார்த்துப் படித்துத் தேறினாள். அவளைப் பார்த்து ஒருநாள் நான் பொறாமைப்படுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

படிப்பு முடிந்ததும் அவள் மலைக்கே திரும்பினாள். செம்மேட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பெயருக்குக் கீழே பிசியோதெரபிஸ்ட் என்று எழுதிப் பலகை மாட்டினாள். காலையில் அங்கே. மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், படுத்திருப்பவர்களைப் பார்ப்பாள். எனக்குக் கனடா மாப்பிள்ளை அமைந்தது. ஊரே வந்து வழியனுப்பியது.

என் படிப்பைச் சரிபார்க்கக் கல்லூரித் தாள்கள் தேவைப்பட்டபோது நான் கேட்டது பூங்கொடியிடம்தான். அவள் அறையைப் பூட்டிவிட்டு ஐந்து முறை சேலம் போனாள். அங்கிருந்த அலுவலர் முதல் நாள் பேசியதை அப்படியே எனக்குப் போனில் சொன்னாள்.

"'தாள் கேட்டவங்க யாரு, வந்திருக்கறவங்க யாரு? அவங்களையே வரச் சொல்லுங்க'ங்கறாரு. 'அவங்க கனடாவுல இருக்காங்க சார்'னேன். 'அப்ப கனடாவுலயே வாங்கிக்கச் சொல்லுங்க'ங்கறாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்தாவது முறை முத்திரை விழுந்தது. தபால் அலுவலகத்தில் உறையைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். வாந்தி எடுத்துக் களைத்த முகம். நான் நன்றி என்று ஒரு சொல் அனுப்பினேன்.

3

போன வருடத்துக்கு முந்தின வருடம், மிளகு பறிக்கிற சமயத்தில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியில் பறித்துக்கொண்டிருந்தவர், ஏணியோடு சரிந்துவிட்டார். வலது இடுப்பெலும்பு முறிந்தது. நாமக்கல்லில் அறுவைச் சிகிச்சை.

எனக்குச் செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அம்மாவைப் போனில் கூப்பிட்டு, வரட்டுமா என்று கேட்டேன்.

"வான்னும் சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன் சாமி. உன்ற பரிச்சை இருக்குது. பூங்கொடி இருக்கறா, பாத்துக்குவா."

நான் போகவில்லை. அந்தத் தேர்வுக்காக ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். பகலில் வேலை, குழந்தை, இரவல் வாங்கிய புத்தகங்கள். விட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. இப்படி எத்தனை காரணம் சொன்னாலும், போகவில்லை என்பதுதான் நடந்தது.

தேர்வில் ஒவ்வொரு அறையிலும் நோயாளி மாதிரி நடிக்க ஒருவர் படுத்திருப்பார். தேர்வாளர் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பார். என்ன செய்யப் போகிறோம், ஏன், தொடலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே கை வைக்க வேண்டும். எனக்கு இது மனப்பாடம். ஆனால் இரண்டாவது அறையில் வீங்கிய முட்டி என்று எழுதியிருந்ததைப் படித்த உடனே என் கை முட்டிக்குப் போய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கை. பிறகு, காலை இங்கே வையுங்கள் என்பதற்கு நம் ஊர் ஆங்கிலத்தில் 'கீப் யுவர் லெக் ஹியர்' என்று வேறு சொல்லிவிட்டேன். 'உங்கள் கால் இங்கேயே இருக்கட்டும்' என்பதுபோல அது அவர்களுக்குக் கேட்கும். நடிகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த அறையிலும் என் வாய் ஓடவில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. தேறவில்லை. எதில் குறைந்தது என்று விவரம் இல்லை.

"பரிச்சை என்னாச்சு சாமி?" என்று அம்மா கேட்டாள். "முடிஞ்சுதும்மா" என்றேன். அம்மா அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள். நான் திருத்தவில்லை.

அந்த நாட்களில் காலை எட்டரைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், ஊருக்கு வீடியோ அழைப்புப் போடுவேன். அங்கே மாலை. பூங்கொடி வந்திருக்கும் நேரம். அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் இங்கிருந்து, "குதிகால ஊனுங்கப்பா, முன்னாடி குனியாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அப்பா போனைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"பூங்கொடி சொல்லட்டும் கண்ணு. உன்ற கொரல் விட்டு விட்டு வருது."

முதல் தடவை அவர் வாக்கர் இல்லாமல் நின்ற வீடியோவை நான் வேலையிடத்துக் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். அவர் கை பூங்கொடியின் தோளில் இருந்தது. "அப்பா, என்னயப் பாருங்க. கீழ பாக்காதீங்க" என்றாள் அவள். கல்லூரி நாட்களில் எங்கள் ஊட்டுக்கு வந்தால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எப்போது அப்பா ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோவை நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் அவர் காலைப் பார்க்கவில்லை, அந்தத் தோளில் இருந்த கையைத்தான் பார்த்தேன்.

4

போன ஆண்டு கோடை விடுமுறைக்கு மகள் இனியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். இனியாவுக்கு அப்போது ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழ்ப் பள்ளி, தமிழ்ப் பாட்டு, திட்டு, கெஞ்சல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பூங்கொடி அவளை நாலு நாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போனாள். ஐந்தாம் நாள் காலை இட்லித் தட்டை நீட்டி, "நெம்ப வேண்டாம் அம்மா, ஒண்ணு போதும்" என்கிறாள் என் மகள். அம்மாவும் அப்பாவும் சிரித்துக் கொண்டாடினார்கள். நான் சட்னி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

வந்த அன்று ஊட்டில் கூட்டம். பக்கத்து ஊட்டுக்காரர், "ஏனுங் கண்ணு, அங்கயும் இதே வேலைதானுங்களா? பெரிய டாக்டரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பூங்கொடி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஊரில் அவளுக்கு மட்டும்தான் நான் தேறவில்லை என்று சொல்லியிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல், பக்கத்து ஊட்டுக்காரரிடம் அவருடைய முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். காப்பாற்றினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா மரவள்ளிக் காட்டுக்குக் கிளம்பினார். ஊட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அவர் ஊன்றுகோலை வலது கையில் பிடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ துள்ளியது. வலது இடுப்பு முறிந்தவருக்குக் கோல் இடது கையில் இருக்க வேண்டும். முதல் வருடப் பாடம். கடைசியில் அவளிடம் ஒரு தப்புக் கிடைத்துவிட்டது.

"யாருப்பா இந்தக் கையில பிடிக்கச் சொன்னது?"

"பூங்கொடிதான் கண்ணு."

"தப்புங்கப்பா. இந்த மாதிரி சொன்னா அங்க பரிச்சையிலேயே பெயிலாக்கிடுவாங்க" என்று அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்லி, கோலை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று நடந்தார்.

முப்பது அடி போயிருப்பார். அந்தப் பாதையில் போகும்போது வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். கோலின் நுனி பாதை விளிம்பில் பட்டது, மண் உதிர்ந்தது, ஊன்ற இடமில்லாமல் அப்பா இடப்பக்கமாகச் சாய்ந்து கீழ்த் தட்டு மரவள்ளிக்குள் உட்கார்ந்த மாதிரி விழுந்தார். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. நான் ஓடினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்த அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நான் படித்த எதுவும் என் நினைவில் இல்லை.

அம்மா போன் போட, பூங்கொடி கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். எதையும் கேட்கவில்லை. நேரே குனிந்து அவர் காலைத் தொட்டாள், மடக்கினாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள். அவர் காலை அவளிடம் விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே தொடுகிற அந்தக் கையைப் பார்த்து, அவ்வளவு பயத்திலும் எனக்குப் பொறாமை வந்தது.

"ஒண்ணும் ஆகலீங்கப்பா. எந்திரிங்க" என்றாள்.

பிறகு கோல் கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். "இடது கையில வெச்சிருந்தீங்களா?"

"நாந்தான் மறந்துட்டு மாத்திப் புடிச்சுட்டேன்" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை.

பூங்கொடிக்குப் புரிந்துவிட்டது. ஊட்டுக்கு நடக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "வாசல்ல நடந்தா இடது கைதான் புள்ள. காட்டுக்குப் போறப்ப மேட்டுப் பக்கம் வலதுல ஊனச் சொல்லிருக்கறேன். திரும்பி வாரப்ப மேடு இடப்பக்கம் வந்துரும், அப்ப பொஸ்தகத்துல இருக்கற மாதிரியே. நானும் மொதல்ல தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன். அப்பறம் ஒருநா அவரு கூடவே நடந்து பாத்தேன்."

நான் அந்தப் பாதையில் நடந்து வளர்ந்தவள். அவள் அரியூர்க்காரி.

5

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்து வைத்தாள். உள்ளே என் கல்லூரித் தாள்களின் நகல்.

"உனக்காகச் சேலம் போனப்ப எனக்குனு ஒரு நகல் எடுத்து வெச்சேன். தப்பா நெனச்சுக்காத. எனக்கும் எழுதிப் பாக்கோணும்னு இருக்குது. எங்கூட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

"நீ எதுக்குப் பூங்கொடி? இங்க உனக்கு என்ன குறை? பலகையிலேயே தெரபிஸ்ட்டுன்னு போட்டிருக்கே."

அவள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு பலகை. அதிலும் அதே சொல். "அவரு ஒரு மாசம் மசாஜ் கத்துக்கிட்டு வந்தவரு. வாரவங்களுக்கு அவருக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியறதில்ல. உன்ற ஊர்ல அந்தப் பேர வெக்கறதுக்கே பரிச்சை எழுதோணும்னு சொன்னீல்ல. அதக் கேட்டதுல இருந்து எனக்குப் பொறாமையா இருக்குது புள்ள. ஒரு தடவையாச்சும் யாராச்சும் என்னயச் சோதிச்சுப் பாத்து, இவ படிச்சவதான்னு சொல்லோணும்."

பொறாமை என்ற சொல்லை அவள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அது எத்தனை ஆண்டுகளாக வாயில் வரவில்லை.

"என்னய எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே மணிக் கணக்கு. என்னை ஒத்துக்கொண்டால் அவளையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரியும். அவள் வருவதை நினைத்தேன். அவள் கூடவே நடந்து பார்க்கிறவள். அறைக்குள் படுத்திருக்கும் நடிகரிடமும் நின்று, கேட்டு, கவனித்துச் செய்வாள். தேறிவிடுவாள். நான் துண்டு மடிக்கும் இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள்.

"அரியர் வெச்சவங்கள எடுத்துக்க மாட்டாங்க பூங்கொடி" என்றேன். "உனக்கு ரெண்டு இருக்குதில்ல."

அவள் அந்த உறையை எடுத்துக்கொண்டாள். பிறகு இழுப்பறையில் வைத்து மூடினாள். "அதான் நானும் நெனச்சேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்காமலே நான் திரும்பி வந்தேன்.

6

நவம்பரில் இனியாவின் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். பெற்றோர் தங்கள் வேலையைப் பற்றி வகுப்பில் பேசும் நாளாம். என் மகள் படிவத்தில் 'அம்மா, பிசியோதெரபிஸ்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வந்து பேச முடியுமா என்று கேட்டார். மன்னியுங்கள், நான் உதவியாளர்தான் என்றேன். பரவாயில்லை, அதைப் பற்றியே பேசலாமே என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாலையில் இனியாவிடம், அந்தச் சொல்லை எழுதக் கூடாது, இங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது என்று விளக்கினேன். அவள் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்படியானால் தாத்தா வீட்டில் அந்த அங்கிளிடம் ஏன் ஆமாங்க என்று சொன்னாய்?"

தமிழ் தெரியாதே என்று நான் கவலைப்பட்ட பெண்ணுக்கு அந்த ஒரு சொல் நன்றாகப் புரிந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை பூங்கொடிக்குப் போன் செய்தேன். செம்மேட்டில் பஸ் ஹாரன் கேட்டது, அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அரியரெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க பூங்கொடி. நான் பொய் சொன்னேன்."

"எதுக்குப் புள்ள?"

"நீ வந்தா பாஸ் பண்ணிருவே. அதான்."

பூட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "நாலு மாசம் போச்சேடி." அவள் என்னை 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அடுத்து, "அந்த அப்ளிகேசன் பாரம் எங்க கெடைக்கும்? அத மட்டும் சொல்லு" என்றாள்.

சொன்னேன். என் பழைய குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினேன். செய்முறைத் தேர்வில் கை எப்படி முந்திக்கொண்டது என்பதையும் எழுதினேன். அவள் சரி, சரி என்று மட்டும் பதில் போட்டாள். பேச்சு பழையபடி ஆகப் பல மாதம் ஆயிற்று. முழுவதும் ஆகிவிட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வாரத்தில் நானும் செய்முறைத் தேர்வுக்கு மறுபடி பதிவு செய்தேன். அவள் எழுத்துத் தேர்வை எழுதி முடிப்பதற்குள் நான் தேறிவிட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அவள் செய்தி வந்த மறுநாள் அப்பாவிடம் பேசினேன். பூங்கொடி இங்கே வரப்போகிறாள் போலிருக்கிறது என்று சொன்னேன். சொன்னதற்கு உள்நோக்கம் இருந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் நின்றுவிடுவாள்.

"எனக்குத் தெரியும், நேத்தே வந்து சொன்னா" என்றார். "போகட்டும் கண்ணு. நீ போனப்ப நான் தடுத்தனா?"

"உங்கள யாருங்கப்பா பாத்துக்குவாங்க?"

"அதான் நடக்கறனே. எழுத்துப் பரிச்சைக்கு அறப்பளீஸ்வரருக்குத் தேங்கா ஒடைக்கறதா அவகிட்டச் சொல்லியிருக்கறேன்."

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"எனக்கும் பரிச்சை இருக்குதுங்கப்பா. அவ பரிச்சைக்கு அடுத்த வாரந்தான்."

"உனக்கென்ன பரிச்சை? நீதான் எப்பவோ பாஸாயிட்டியே."

"இல்லீங்கப்பா. அப்ப தேறல. நீங்க விழுந்தீங்களே, அந்தத் தடவ. இங்க நான் டாக்டரு இல்லீங்க."

மறுமுனையில் அம்மா ஏதோ கேட்பதும், அவர் அவளைப் பேசாமல் இரு என்பதும் காதில் விழுந்தது.

"சரி கண்ணு. ரெண்டு தேங்காயா ஒடைச்சுடறேன்" என்றார்.

யாருக்கு முதலில் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.